பிடிக்கவில்லை என்று சொல்பவரின் பக்கம்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம். ஏமாற்றம் தந்த படத்தைப் பற்றிச் சாதாரண ரசிகர் பட்டென்று சொல்லும் கருத்து, திரைக்கலையை வளர்க்கிறதா, வாட்டுகிறதா என்பது இன்றைய தலைப்பு. வளர்க்கிறது என்று வாதாட நான் எழுந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், நூற்றுக்கணக்கானோர் இரவு பகலாக உழைத்த உழைப்பை ஒருவர் 'மொக்கை' என்ற ஒற்றைச் சொல்லில் தூக்கி எறிவது அநியாயம் என்றார். கலையின் இலக்கணம் அறியாதவருக்குக் கலையை எடைபோட என்ன தகுதி என்று கேட்டார். ரசிகரின் பேச்சைக் கேட்டதால் உலகின் ஒப்பற்ற படம் ஒன்று சிதைந்துபோனது என்று அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் கதையையும் எடுத்து வைத்தார். மூன்றிலும் கனமானது கடைசி வாதம்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வருவதற்கு முன்னால், சாதாரண ரசிகர் என்று நான் யாரைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன்.

என் தாயார் ஆண்டுக்கு இரண்டு, மூன்று படங்கள் பார்ப்பவர். இயக்குநர் யார், ஒளிப்பதிவாளர் யார் என்று அவருக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் அவரை ஒரு படத்துக்கு அழைத்துச் சென்றேன். படத்தின் முதல் பாதியில் நாயகனின் தங்கை, அவனுடைய கிழிந்த சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, "ராத்திரி வந்து உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போகிறாள். அதன் பிறகு இடைவேளை வருகிறது, துரத்தல் வருகிறது, மூன்று சண்டைகள் வருகின்றன. தங்கை மட்டும் வரவில்லை. படம் முடிந்து எல்லோரும் சண்டைக் காட்சிகளைப் பற்றிப் பேசியபடி இறங்கிக்கொண்டிருந்தபோது, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் தாயார், "அந்தத் தங்கச்சி என்ன ஆனாள்? ராத்திரி வந்து சொல்கிறேன் என்றாளே" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்படியொரு கேள்வி இருக்கிறது என்பதே அவர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. "அந்தப் பெண்ணை மறந்துவிட்டார்கள், படம் நன்றாக இல்லை" என்று சொல்லி அவர் பேச்சை முடித்துவிட்டார்.

நடுவர் அவர்களே, அந்தத் தங்கை மீண்டும் வரும் காட்சியைப் படமாக்கியிருப்பார்கள் என்றும், நீளம் கருதிப் படத்தொகுப்பில் அதை எடுத்திருப்பார்கள் என்றும் நான் எண்ணுகிறேன். எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு தெரிந்திருக்காது, ஏனெனில் வெட்டிய காட்சி அவர்கள் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். திரைக்கதையை முப்பது முறை திருத்தி எழுதி, ஒவ்வொரு காட்சியையும் பல கோணங்களில் படமாக்கி, தொகுப்பறையில் மாதக்கணக்கில் அமர்ந்து பார்த்தவர், தம் படத்தை முதன்முறையாகப் பார்க்கும் வாய்ப்பை என்றென்றைக்குமாக இழந்துவிட்டவர். எவ்வளவு மேதையானாலும் அந்த முதல் பார்வையை அவரால் திரும்பப் பெற முடியாது. அது சாதாரண ரசிகரிடம்தான் இருக்கிறது. திரையில் இருப்பதை மட்டுமே பார்க்கிறவர் அவர் ஒருவர்தான்.

ரசிகர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு குறையை எடுத்துக்கொள்ளுங்கள்: "இசை காதைப் பிளக்கிறது, பேசுவது ஒன்றும் கேட்கவில்லை." இதைக் கேட்டதும், ஒலியமைப்பைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒலிக்கலவை செய்யும் அறையில் நடப்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த வசனம் மனப்பாடம். பின்னணி இசையை ஒரு படி ஏற்றினால் வசனத்தில் நான்கு சொற்கள் மூழ்கும். ஆனால் அந்த நான்கு சொற்களையும் அவர்களுடைய நினைவே நிரப்பிவிடும். இன்னொரு படி ஏற்றினாலும் அவர்களுக்குக் கேட்பது போலவே இருக்கும். மனப்பாடம் இல்லாத காது அரங்கில் அமர்ந்திருக்கும் ரசிகருடைய காது; கேட்கவில்லை என்று அவர் சொன்னால் கேட்கவில்லை என்றுதான் பொருள். பல ஆண்டுப் பயிற்சியால் கிடைக்காத தகவலை அவர் ஒரே வாக்கியத்தில் தருகிறார். அதைத் திமிர் என்று எப்படிச் சொல்வது?

இந்த உண்மையைப் பழைய மேதைகள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஊமைப்பட நகைச்சுவையின் சிகரம் என்று போற்றப்படும் பஸ்டர் கீட்டன், 1924-இல் 'தி நேவிகேட்டர்' என்ற படத்தை எடுத்தார். கப்பலைச் சரிசெய்ய அவர் நீர்மூழ்கி உடை அணிந்து கடலடிக்கு இறங்குகிறார். அங்கே ஒரு நட்சத்திர மீனை எடுத்துக் காவலர் வில்லையைப் போல மார்பில் குத்திக்கொண்டு, கூட்டமாக வரும் மீன்களைக் கைகாட்டி நிறுத்தி, குறுக்கே போக நினைக்கும் பெரிய மீனுக்கு வழிவிடுகிறார். பாடுபட்டு எடுத்த காட்சி, கீட்டனுக்கு மிகவும் பிடித்த காட்சி. விளம்பர முன்னோட்டத்தில் (டிரெய்லரில்) அந்தத் துணுக்கைக் காட்டியபோது மக்கள் சிரித்தார்கள். ஆனால் முழுப்படத்தை வெளியீட்டுக்கு முன் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டியபோது, அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

கீட்டன் அவர்கள்மீது கோபப்படவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று யோசித்தார். காரணத்தைப் பிற்காலத்தில் அவரே விளக்கியிருக்கிறார்: மேலே கப்பலில் கதாநாயகி ஆபத்தில் இருக்கிறாள், அவளைக் காப்பாற்றத்தான் இவன் கீழே இறங்கினான், இறங்கியவன் வேலையை விட்டுவிட்டு மீன்களோடு விளையாடிக்கொண்டிருந்தால் பார்க்கிறவருக்குச் சிரிப்பு எப்படி வரும்? முன்னோட்டத்தில் அந்தப் பெண்ணின் கவலை இல்லை, அதனால் சிரித்தார்கள்; படத்தில் அந்தக் கவலை இருந்தது, அதனால் சிரிக்கவில்லை. கீட்டன் காட்சியை வெட்டி எறிந்தார். அன்று அரங்கில் அமர்ந்திருந்தவர்கள் யாரும் திரைக்கதை இலக்கணம் படித்தவர்கள் அல்லர். ஒரு சொல்கூடப் பேசவில்லை. சிரிக்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான். அந்த மௌனம் ஒரு மேதைக்குக் கதையின் உயிர் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டியது. பெயர் தெரியாத அந்த மக்களை நான் மனமார வணங்குகிறேன்.

இப்போது எதிரணியின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். ஆர்சன் வெல்ஸ் 1942-இல் எடுத்த 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' படம், கலிஃபோர்னியாவின் பொமோனாவில் முன்திரையிடப்பட்டபோது மக்கள் பலர் அதை ஏளனம் செய்தார்கள் என்பது உண்மை. அதன் பிறகு படத்தைத் தயாரித்த ஆர்கேஓ நிறுவனம் படத்தை வெட்டியது, வேறு முடிவைப் படமாக்கி ஒட்டியது. வெல்ஸ் உருவாக்கிய 130 நிமிடங்களுக்கும் மேற்பட்ட வடிவம் 88 நிமிடங்களாகச் சுருங்கி வெளிவந்தது. வெட்டிய சுருள்களும் அழிக்கப்பட்டன. இதைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு வலிக்கிறது. ஆனால், இந்தக் குற்றத்தை அந்த ரசிகர்கள் தலையில் ஏற்றுவது எந்த நியாயம்?

அன்றிரவு பொமோனாவில் என்ன நடந்தது என்று எதிரணித் தலைவர் முழுமையாகச் சொல்லவில்லை. போர்க்காலத்தில், ஆட்டமும் பாட்டமும் நிறைந்த கேளிக்கைப் படம் ஒன்றைப் பார்க்க வந்திருந்த கூட்டத்துக்கு முன்னால், அது முடிந்த கையோடு, ஒரு குடும்பத்தின் வீழ்ச்சியைச் சொல்லும் கனத்த படத்தைப் போட்டார்கள். அப்போதும்கூட, கருத்துச் சீட்டில் இதை மிக உயர்வாகப் பாராட்டி எழுதியவர்கள் அங்கே இருந்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பாசடீனாவில் காட்டியபோது வரவேற்பு இன்னும் நன்றாகவே இருந்தது. வெல்ஸோ பிரேசிலில் வேறொரு படப்பிடிப்பில் இருந்தார். அஞ்சிய நிறுவனம், படைத்தவர் பக்கத்தில் இல்லாதபோது கத்தியை எடுத்தது. எந்த ரசிகரும் முடிவை மாற்றுங்கள் என்றோ, சுருள்களை அழியுங்கள் என்றோ கேட்கவில்லை. இங்கே வலிக்கிறது என்று சொல்வது நோயாளியின் வேலை. எதை அறுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை. கீட்டன் அந்த மௌனத்தைத் தம் கையில் வாங்கிக்கொண்டு தாமே சிந்தித்தார். ஆர்கேஓ அந்த ஏளனத்தைக் கேட்டு நடுங்கியது. இரண்டு இடத்திலும் ரசிகர் செய்தது ஒன்றுதான். கேட்டவர்கள்தாம் வேறு.

தகுதி என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1960-இல் கான் திரைப்பட விழாவில் இத்தாலிய இயக்குநர் மிக்கேலாஞ்சலோ அந்தோனியோனியின் 'லாவெந்தூரா' படத்தின்போது கூச்சலிட்டு ஏளனம் செய்தவர்கள், கலை தெரியாத சாதாரண மக்கள் அல்லர். விழாவுக்கென்று வந்திருந்தவர்கள், துறையறிந்தவர்கள். அதே விழாவில் அந்தப் படம் நடுவர் குழுவின் பரிசைப் பெற்றது. அறிந்தவரும் தவறலாம், அறியாதவரும் தவறலாம் என்றால், தவறும் உரிமையை ஒரு சாராருக்கு மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?

அமெரிக்காவில் எட் மின்ட்ஸ் என்பவர், தமக்குப் பிடித்த எழுத்தாளர் எழுதிய நகைச்சுவைப் படம் ஒன்றை நம்பிப் பார்த்து ஏமாந்தார். பக்கத்தில் இன்னொரு ரசிகர், விமர்சகர் சொல்வது கிடக்கட்டும், நம்மைப் போன்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று யாராவது கேட்கக் கூடாதா என்று ஆதங்கப்பட்டார். அந்த ஆதங்கத்திலிருந்து 1979-இல் பிறந்ததுதான் சினிமாஸ்கோர் நிறுவனம். படம் வெளியாகும் நாளில் அரங்கிலிருந்து வருபவர்களிடம் சீட்டைக் கொடுத்து மதிப்பெண் வாங்குகிறார்கள். அந்த மதிப்பெண்ணைக் கலையின் இறுதித் தீர்ப்பு என்று நான் சொல்லவில்லை. 2017-இல் டேரன் அரோனோவ்ஸ்கியின் 'மதர்!' படம், விமர்சகர் பலர் பாராட்டிய பிறகும், அங்கே மிகக் குறைந்த மதிப்பெண்ணான எஃப் பெற்றது. திகில் படம் என்ற விளம்பரத்தை நம்பி வந்தவர்கள், வேறொன்றைப் பார்த்துவிட்டு வெளியேறினார்கள். அவர்கள் கொடுத்த மதிப்பெண், என் கணிப்பில், படத்துக்கானது என்பதைவிட அந்த விளம்பரம் தந்த வாக்குறுதிக்கானது. அதுவும் விற்றவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்திதான்.

நடுவர் அவர்களே, உழைப்பை அவமதிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு என் மனத்தைத் தொடுகிறது. அதை நான் எளிதாகக் கடந்துபோக விரும்பவில்லை. ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள் என்றால், இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 சட்டகங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவரின் வியர்வை இருக்கிறது. நடிகையின் உடலைக் கேலி செய்வதையும், இயக்குநரின் குடும்பத்தை இழுப்பதையும், படத்தைப் பார்க்காமலே வசைபாடுவதையும் நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். அவற்றைச் செய்பவர்கள் ரசிகர்களே அல்லர். 2019-இல் பட விமர்சனங்களைத் தொகுத்துத் தரும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளம், படம் வெளியாகும் முன்பே பொதுமக்கள் கருத்து எழுதும் வசதியை நீக்கியதை நான் வரவேற்கிறேன், ஏனெனில் பார்த்தவரின் சொல்லுக்கும் பார்க்காதவரின் வெறுப்புக்கும் நடுவே அது ஒரு கோடு போட்டது. என் கட்சிக்காரர் பார்த்தவர். தம் மாலைப்பொழுதைக் கொடுத்துவிட்டு, நம்பி அமர்ந்து, கடைசிவரை பார்த்தவர். "இரண்டாம் பாதியில் படமே இல்லை" என்று அவர் சொல்வது கடுமையான சொல்தான். ஆனால், அந்தச் சொல் முதல் பாதியில் உழைத்தவர்களின் உழைப்பு எங்கே வீணானது என்பதைத் துல்லியமாகக் காட்டுகிறது.

கடுமையான சொல் உரிய காலத்தில் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. இடித்துரைப்பார் இல்லாத மன்னன் கெடுப்பார் இல்லாமலே கெடுவான் என்று நம் முன்னோர் சொன்னதற்கு, திரையுலகில் அமெரிக்க இயக்குநர் மைக்கேல் சிமினோவின் 'ஹெவன்ஸ் கேட்' படத்தைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. முந்தைய படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர் என்பதால் அவரைத் தடுத்துப் பேச யாராலும் முடியவில்லை. செலவு பல மடங்கு ஏறி 4 கோடி டாலரைத் தாண்டியது. 1980 நவம்பரில் நியூயார்க்கில் 219 நிமிடப் படமாகத் திரையிட்டு, ஒரு வாரத்துக்குள் திரும்பப் பெற்றார்கள். அடுத்த ஆண்டு 149 நிமிடங்களாகக் குறைத்து வெளியிட்டும் அது எழவில்லை. சாப்ளின் உள்ளிட்ட கலைஞர்கள் 1919-இல் தொடங்கிய, இந்தப் படத்தைத் தயாரித்த யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் நிறுவனம் 1981-இல் எம்ஜிஎம் என்ற இன்னொரு பட நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்தப் படத்தை இன்று வியந்து போற்றுவோர் உண்டு. அதன் காட்சியழகை நானும் மதிக்கிறேன். ஆனால், தொகுப்பறையிலேயே ஒரு சாதாரண மனிதரை அழைத்து உட்காரவைத்து, எந்த இடத்தில் அவர் நெளிகிறார் என்று பார்த்திருந்தால், அந்த அழகை அன்றே மக்கள் கண்டிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

எதிரணி நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த படம் ஒன்றை யாராவது பிடிக்கவில்லை என்று சொன்னால், உடனே மறுக்காமல், "எந்த இடத்தில்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். என் தாயாரிடம் அன்று படிக்கட்டில் அதைக் கேட்டிருந்தால், பொத்தான் தைத்த அந்த விரல்களிலிருந்து தொடங்கி அவர் முழுவதையும் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை, கூட்டம் தள்ளியது, இறங்கிவிட்டோம். இன்றும் அந்தப் படத்தின் பேச்சு வந்தால், அவருடைய முதல் கேள்வி அந்தத் தங்கையைப் பற்றியதுதான். அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் சாதகமாகத் தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, என் இருக்கைக்குத் திரும்புகிறேன். நன்றி, வணக்கம்.