நாற்பது லிட்டரில் ஒரு நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

கேரவன் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். படப்பிடிப்பு நடக்கும் தெருமுனையில் ஏசி உறுமலோடு நிற்கும் நீளமான வண்டி, உள்ளே கதாநாயகர், வெளியே குடையும் கையுமாக ஓர் ஆள். எனக்கும் அதுதான் வந்தது. இங்கிலாந்தில் டெர்பி நகரத்தில் இருக்கும் என் மகன், "அம்மா, இந்த முறை ஒரு வாரம் கேரவனில் தங்கப் போகிறோம்" என்றபோது, வங்கியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் குப்பை கொட்டியதற்குக் கடைசியில் ஒரு மரியாதை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்து வந்ததோ ஒரு வெள்ளைத் தகரப் பெட்டி. உள்ளே அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கும் குளியலறை. பகலில் உட்கார்ந்திருக்கும் இருக்கையே இரவில் கட்டில். நான், மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தி என நான்கு பேர். நமது ரயில் பெட்டியில் ஒரு தடுப்புக்குள் குடித்தனம் நடத்துவதுபோல.

இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கி வைத்தவராக இங்கிலாந்துக்காரர்கள் சொல்வது கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை மருத்துவரை. 1885இல் குதிரைகள் இழுக்கும் ஒரு மர வீட்டைச் செய்வித்துக்கொண்டு, தென் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் வடக்குவரை போனார். கூடவே ஒரு நாய், ஒரு கிளி, ஒரு வண்டியோட்டி. எதிரே வருகிறவர்களை எச்சரிக்க முன்னால் மூன்று சக்கர சைக்கிளில் ஒரு பணியாள். அதற்கு முன்பும் சக்கர வீட்டில் வாழ்ந்தவர்கள் அங்கே உண்டு. ஜிப்சிகள் என்று ஊர் அவர்களை விரட்டியது. கனவான் ஒருவர் அதையே செய்தபோதுதான் அது விடுமுறையாயிற்று. எந்த நாட்டிலும் இப்படித்தான் போலிருக்கிறது.

நாங்கள் போனது பேக்வெல் என்ற சந்தை நகரத்துக்கு அருகே, பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில். 1951இல் பிரிட்டனில் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா அது. பூங்கா என்றால் வேலி போட்டு மான் வளர்ப்பது அல்ல. ஊர்களும் பண்ணைகளும் ஆட்டு மந்தைகளும் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. நாங்கள் தங்கிய இடமும் ஒரு விவசாயியின் புல்வெளிதான். 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி கேரவன் தளம் நடத்த உரிமம் வேண்டும். ஆனால் அங்கீகாரம் பெற்ற சங்கங்கள், தம் உறுப்பினர்களுக்கு மட்டும், ஐந்து கேரவன்கள் வரை நிற்கும் சிறு இடங்களுக்குத் தாமே சான்று தரலாம். அதனால் பல பண்ணைகளில் ஒரு மூலையை ஒதுக்கி, ஒரு குழாயும் மின்கம்பமும் வைத்துவிடுகிறார்கள். ஆட்டு விலை சரிந்த ஆண்டில் அந்த வாடகைதான் கை கொடுக்கும் என்று அந்த விவசாயியே சொன்னார்.

வண்டியைப் பின்னோக்கி நகர்த்தி இடத்தில் நிறுத்துவது ஒரு தனி நாடகம். பின்னால் இருக்கும் பெட்டி இடப்பக்கம் போக, காரின் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். இரட்டை மாட்டு வண்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். தீ பரவாமல் இருக்க, பக்கத்து கேரவனுக்கும் நமக்கும் ஆறு மீட்டர் இடைவெளி வேண்டும். மகன் ஏழு முறை முயன்றான். மற்ற நான்கு கேரவன்களின் ஜன்னல் திரைகளும் லேசாக விலகியிருந்ததையும், ஒவ்வொரு திரைக்குப் பின்னாலும் ஒரு தேநீர்க் கோப்பை இருந்ததையும் நான் பார்த்தேன். எட்டாவது முறை சரியாக நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு முதியவர் வந்து, நல்ல காற்று என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இனி, நான் பேச வந்த தண்ணீருக்கு வருகிறேன்.

கேரவனுக்குக் குழாய் இணைப்பு இல்லை. உருளை வடிவில் ஒரு பிளாஸ்டிக் பீப்பாய் இருக்கிறது. அதில் 40 லிட்டர் பிடிக்கும். நம் கணக்கில் ஏறக்குறைய மூன்று குடம். அதற்கு ஒரு கைப்பிடி மாட்டி, புல்லின்மேல் உருட்டிக்கொண்டே குழாயடிக்குப் போக வேண்டும். நிரப்பி, உருட்டிக்கொண்டே திரும்ப வேண்டும். கேரவன் அருகே நிமிர்த்தி வைத்து, சிறிய பம்பை உள்ளே இறக்கினால், அடுப்படிக் குழாயில் தண்ணீர் வரும். பம்பு காற்றை உறிஞ்சி 'கர்ர்' என்று கத்தினால் தண்ணீர் தீர்ந்தது என்று பொருள். அது எப்போதும் யாராவது தலையில் ஷாம்பு போட்டிருக்கும்போதுதான் கத்தும்.

முதல் நாள் காலை குழாயடியில் மூன்று பேர் பீப்பாயோடு வரிசையில் நின்றார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. 2019 கோடையில் சென்னையில் எங்கள் தெருவில் இரவெல்லாம் லாரிக்காகக் காத்திருந்தோம். குடத்துக்குப் பதில் ஒரு செங்கல்லை வைத்து இடம் பிடித்தவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். வீட்டில் நான்கு குழாய் வைத்திருக்கும் இந்தச் சீமைக்காரர்கள், காசு கொடுத்து, விடுமுறை எடுத்து, இதே வரிசையில் மகிழ்ச்சியாக நிற்கிறார்கள்! நாளை மறுநாள் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று தெரிந்தால், வரிசையில் நிற்பது ஒரு விளையாட்டு. அது தெரியாதவர்களுக்கு அது வாழ்க்கை. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நான் அந்த வாரத்தை ரசித்தேன்.

ரசிக்கவில்லை என்று சொன்னால் பொய். இரண்டாம் நாளே நிர்வாகம் என் கைக்கு வந்துவிட்டது. அரிசி கழுவிய தண்ணீரில் காய் கழுவினேன். பாத்திரத்தை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டு, பிறகு கழுவினேன். மருமகள், "அத்தை, நேற்று இரண்டு பீப்பாய் ஆயிற்று, இன்று ஒன்றிலேயே ஓட்டிவிட்டீர்களே" என்றாள். 2019இல் பெற்ற பயிற்சி வீண்போகவில்லை.

உள்ளே வந்த தண்ணீர் வெளியே போவதும் நம் பொறுப்பே. கழிவுநீர் தனி வாளியில் இறங்கும். அதை உரிய இடத்தில்தான் கொட்ட வேண்டும். கழிப்பறைக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறது. நீல ரசாயனம் ஊற்றிய அந்தப் பெட்டியை இரண்டு நாளுக்கு ஒருமுறை இழுத்தெடுத்துப் போய்க் காலி செய்ய வேண்டும். அதை மற்ற வண்டிகளில் குடும்பத் தலைவர்களே செய்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியராம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் எனக்குக் காலை வணக்கம் சொன்னார். முகத்தில் துளி கூச்சம் இல்லை. நம் வீடுகளில் இந்த வேலையை யார் தலையில் கட்டுவோம் என்று நினைத்தபோது, கூச்சம் என் முகத்தில்தான் வந்தது.

மின்சாரத்திலும் ரேஷன் உண்டு. எங்கள் இணைப்பு 10 ஆம்பியர். மொத்தம் 2,300 வாட். ஒரு குளிர்ந்த காலையில் ஹீட்டர் 1,000, கெட்டில் 1,000 ஓடிக்கொண்டிருக்க, நான் தேங்காய்ச் சட்னிக்கு 750 வாட் மிக்சியைப் போட்டேன். கூட்டிப் பாருங்கள். சட்னி பாதியில் நின்றது, கேரவன் இருண்டது. வங்கியில் வேலை பார்த்தவளுக்கு இந்தக் கணக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை சந்தைக்கு நடந்தே போனோம். விவசாயியின் வயலுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. அதில் நடக்க எல்லாருக்கும் உரிமை உண்டு. வழியில் மாடு நிற்கும். கதவைத் திறந்தால் மறக்காமல் மூடிவிட வேண்டும். இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கல் சுவர்கள். காரையே இல்லாமல், கல்மேல் கல்லைப் பொருத்தி எழுப்பியவை. பேக்வெல்லில் சுமார் 4,000 பேர்தான் வசிக்கிறார்கள். சந்தை மட்டும் ஏறக்குறைய 700 ஆண்டுகளாகக் கூடுகிறது. நான் பிறந்தது கன்னியாகுமரி மாவட்டத்தில், திங்கள்சந்தைக்குப் பக்கத்தில். திங்கட்கிழமை கூடுவதாலேயே அப்படிப் பெயர் பெற்ற ஊர். கூடாரங்களில் பாலாடைக்கட்டியும் பூச்செடியும் நாய்ப் படுக்கையும் விற்றதைப் பார்த்தபோது சரக்கு வேறு, கிழமை ஒன்று என்று தோன்றியது.

எனக்குப் பிடித்தது ஆற்றுக்கு அப்பால் நடந்த கால்நடை ஏலம். வட்டமான தொழுவத்துக்குள் ஆடுகள் வருகின்றன. மேடையில் ஏலக்காரர் மூச்சு விடாமல் விலை பாடுகிறார். உயிர் எடையில், கிலோவுக்கு இத்தனை பென்ஸ், அதாவது அவர்கள் ஊர்ப் பைசா, என்று. வாங்குகிறவர்கள் கம்பியில் சாய்ந்து நிற்கிறார்கள். யார் கேட்கிறார்கள் என்றே தெரியவில்லை. உற்றுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: ஒருவர் கட்டைவிரலை மட்டும் அசைக்கிறார், இன்னொருவர் கண்ணை மூடித் திறக்கிறார். நம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதேதான். இங்கே துண்டு மட்டும் இல்லை. பேத்தி மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினாள். நான் சட்டென்று பிடித்து இறக்கினேன். முப்பது ஆட்டை கேரவனில் எங்கே கட்டுவது?

பேக்வெல் புட்டிங் என்ற இனிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாவுக் கிண்ணத்தில் பழப்பாகு, மேலே முட்டையும் வாதுமையும். ஒரு விடுதிச் சமையற்காரர் செய்முறையைத் தவறாகப் புரிந்துகொண்டதில் பிறந்தது என்று கதை. அசல் எங்களிடம்தான் என்று சொல்ல ஒன்றுக்கு மேற்பட்ட கடைகள். நம் ஊர் அல்வாக் கடைகள் நினைவுக்கு வந்தன. எனக்குத் தித்திப்பு அதிகம்.

ஆங்கிலத்தில் 'பேக்' என்றால் ரொட்டி சுடுவது. ஆனால் ஊரின் பெயருக்கும் ரொட்டி சுடுவதற்கும் சம்பந்தமே இல்லை. பேடெகா என்ற ஒருவரின் ஊற்று என்பதுதான் பழைய பொருள். மழைக்குப் பஞ்சமில்லாத மண்ணில் ஊற்றுக்கு என்ன பெருமை என்று கேட்டேன். அந்தச் சுண்ணாம்புக் கல்தான் காரணம். பெய்வதையெல்லாம் வெடிப்புகள் வழியே விழுங்கிவிடுகிறது. பக்கத்தில் ஓடும் லாத்கில் ஆறு, கோடையில் மேற்பகுதியில் மண்ணுக்குள் மறைந்தே போகும். அந்தக் காலத்தில் மேட்டு ஊர்க்காரர்களுக்கு ஊற்றும் கிணறுமே கதி. அதனால்தான் அந்தப் பகுதியில் கிணறு சிங்காரிக்கும் வழக்கம் இருக்கிறது. நாங்கள் போன ஜூன் கடைசியில் பேக்வெல்லிலும் வைத்திருந்தார்கள். மரச் சட்டத்தில் ஈரக் களிமண் பூசி, ஒவ்வொரு பூவிதழாக, பாசியாக, விதையாக அழுத்திப் பதித்து ஒரு படம். இதழ்கள் ஓட்டுக் கூரைபோல ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தன. அப்போதுதான் மழைநீர் வழிந்தோடுமாம். டிஸ்ஸிங்டன் என்ற ஊரில் இந்த வழக்கம் தொடங்கியதற்கு, கொள்ளை நோய்க் காலத்தில் கிணற்று நீர் காப்பாற்றியது என்று ஒரு காரணம் சொல்கிறார்கள். 1615 வறட்சியிலும் கிணறு வற்றவில்லை என்று இன்னொரு காரணம். ஆடிப்பெருக்கில் ஆற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைக்கிறவளுக்கு இரண்டில் எது சரி என்பது பெரிய கேள்வியாகப் படவில்லை. களிமண் காய்ந்து இதழ் வாடியதும் எடுத்துவிடுவார்கள். நம் கோலம்போல.

கிளம்பும் நாள் காலை. கொக்கி மாட்டியாயிற்று, கேஸ் சிலிண்டரை மூடியாயிற்று. பீப்பாயில் எட்டுப் பத்து லிட்டர் மிச்சம். "கொட்டிவிடுங்கள் அம்மா, நேரமாகிறது" என்றான் மகன். என்னால் முடியவில்லை. முதலில் பேத்தியின் சேறு படிந்த செருப்புகளைக் கழுவினேன். பிறகு அடுப்புத் துணியை அலசினேன். அப்படியும் மூன்று லிட்டர் இருந்தது. கல் சுவரின் அடியில், செடி இருந்த இடமாகப் பார்த்து ஊற்றினேன். ஒரு நொடிகூட நிற்கவில்லை, மண் குடித்துவிட்டது. மகன் காரை ஸ்டார்ட் செய்து ஹாரன் அடித்தான்.

வணக்கம்.