சர்க்கரையும் சிலேட்டும்

அவையோருக்கு வணக்கம்.

இங்கே தலை நரைத்தவர்களுக்குச் சிலேட்டுப் பலகை நினைவிருக்கும். மரச்சட்டம், மூலையில் ஒரு விரிசல், எச்சில் தொட்டு அழித்ததற்கு வாத்தியாரிடம் வாங்கிய அடி. வேல்ஸ் நாட்டில் அந்தக் கல்தான் வீட்டுக்குக் கூரை. உளி வைத்துப் பதமாகத் தட்டினால் ஏடு ஏடாகப் பிரியும். அளவுக்கு ஒரு பெயர் உண்டு: 24க்கு 12 அங்குலம் என்றால் ‘டச்சஸ்’, 20க்கு 10 ‘கவுண்டஸ்’, 16க்கு 8 வெறும் ‘லேடி’. கல்லிலும் சீமாட்டிகள், அதிலும் மேல் கீழ்!

அந்தக் கல்லைப் பெருந்தொழிலாக்கிய ரிச்சர்டு பென்னன்ட் என்பவரைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். குடும்பச் சொத்து ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்கள். 1765இல் ஆன் சூசன்னா வார்பர்ட்டனைக் கல்யாணம் செய்தார். பெரிய இடத்துச் சம்பந்தம். வடக்கு வேல்ஸின் பென்ரின் எஸ்டேட்டில் பாதி பெண்ணோடு வந்தது. மீதிப் பாதியைப் பிறகு விலைக்கு வாங்கிக்கொண்டார்.

அரசியலில், பிரிட்டிஷ் நாடாளுமன்ற மக்களவையில் லிவர்பூலின் உறுப்பினர். 1783இல் பென்ரின் பிரபு ஆனார், ஆனால் அது அயர்லாந்துப் பட்டம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிரிட்டிஷ் பட்டம் வாங்கினால் மக்களவையை விட்டு எழுந்து பிரபுக்கள் அவைக்குப் போக வேண்டும். அயர்லாந்துப் பிரபுவோ, பட்டத்தையும் வைத்துக்கொண்டு மக்களவையிலும் உட்காரலாம். அடிமைக் கப்பல்கள் புறப்படும் துறைமுகத்தின் தொகுதியை அவர் ஏன் விடுவார்?

அவருக்கு முன்பு, எஸ்டேட்டின் சிலேட்டு மலையில் ஆளுக்கு ஓரிடத்தில் குத்தகை எடுத்துத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். குத்தகை ஆண்டுக்கு ஒரு பவுன். பென்னன்ட் அந்தக் குத்தகைகளை எல்லாம் மீட்டு, தோண்டியவர்களையே தன் கூலிக்காரர்களாக வைத்துக்கொண்டார். சாலை போட்டார். கெகின் ஆறு கடலில் சேரும் இடத்தில் துறைமுகம் கட்டினார். 1801இல் குவாரியிலிருந்து துறைமுகம்வரை ஏறக்குறைய ஆறு மைலுக்குத் தண்டவாளம். வண்டியை இழுத்தது குதிரை. துறைமுகத்திலேயே எழுதும் சிலேட்டு செய்யும் பட்டறையும் நடந்தது. கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை. அந்த வட்டாரத்தை முன்னேற்றிய புண்ணியவான் என்று அவரைக் கொண்டாடியவர்களும் உண்டு.

ஆனால் இத்தனைக்கும் முதல் எங்கிருந்து வந்தது? ஜமைக்காவிலிருந்து. தோட்டங்களை அவர் கடிதம் மூலமே நடத்தினார். ஏஜென்டுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், மாடுகளையும் நீக்ரோக்களையும் அளவுக்கு மீறி வேலை வாங்குவதை நான் விரும்பவில்லை என்கிறார். படித்தவுடன் ‘பரவாயில்லையே, இரக்கமுள்ள மனுஷன்’ என்று தோன்றும். இன்னொரு தரம் படியுங்கள். யார் பக்கத்தில் யாரை நிறுத்தியிருக்கிறார்? அதிலும் மாடுதான் முதலில் வருகிறது.

1789 மே மாதம் அடிமை ஒழிப்புக்காகப் போராடிய உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ், அடிமை வியாபாரத்தை ஒழிக்க வேண்டும் என்று மக்களவையில் பேசியபோது, எதிர்த்து எழுந்தவர்களில் பென்ரின் பிரபுவும் ஒருவர். ஏழு கோடிப் பவுன் சொத்து அடிபடும், குடியேற்ற நாடுகள் பாழாகும், மாலுமிகளை உருவாக்கும் தொழில் அழிந்து கடலாதிக்கமே கைவிட்டுப் போகும் என்பது அவர் வாதம். அன்றைக்கு அவர் கூச்சப்படவில்லை. கணக்குப் பிள்ளை பேரேடு வாசிப்பதுபோலப் பேசியிருக்கிறார். எனக்கு அதுதான் திகிலாக இருக்கிறது.

1807இல் அடிமை வியாபாரத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. அடுத்த ஜனவரியில் அவர் காலமானார். பிள்ளை இல்லை. சொத்து உறவினரான ஜார்ஜ் ஹே டாக்கின்ஸுக்குப் போனது. அவர் பென்னன்ட் என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டு, இன்றைக்கும் நிற்கிற பென்ரின் கோட்டையைக் கட்டினார். உள்ளே சிலேட்டுக் கல்லிலேயே ஒரு கட்டில்கூட உண்டு.

1833இல் அடிமை முறையையே ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். நஷ்டஈடும் கொடுத்தார்கள், எஜமானர்களுக்கு! டாக்கின்ஸ் பென்னன்டுக்கு 764 பேருக்காகக் கிடைத்தது 14,683 பவுன் 17 ஷில்லிங் 2 பென்னி. தலைக்குப் பத்தொன்பது பவுன் சொச்சம். அந்த 764 பேருக்குச் சல்லிக்காசு இல்லை. ‘தொழில் பழகுநர்’ என்று பெயரை மாற்றி, 1838வரை வாரத்தின் பெரும்பகுதியை அதே கரும்புக் காட்டில் கூலியில்லாமல் கழிக்கச் சொன்னார்கள்.