அத்திக் கிளையில் விண்பதியம்

நேயர்களுக்கு வணக்கம். அத்திக் குச்சியை வெட்டி மண்ணில் ஊன்றினாலும் வேர்விடும், உண்மைதான். ஆனால் சில குச்சிகள் துளிர்த்துவிட்டு, வேர் பிடிப்பதற்குள் கருகிப்போகும். கிளையை வெட்டாமல் மரத்திலேயே வேர்விடச் செய்து, பிறகு வெட்டி நடுகிற விண்பதியத்தில் அந்தப் பயம் குறைவு. வேர் வரும்வரை கிளை தாய்மரத்திலேயே இருக்கிறது; தாயே தண்ணீர் ஊட்டுகிறது.

மரம் தழைத்து வளரும் பருவத்தில் தொடங்குங்கள். போன வருடம் வளர்ந்து, பச்சை மாறிப் பழுப்பேறிய கிளை, பென்சிலுக்கும் கட்டைவிரலுக்கும் இடைப்பட்ட பருமனில் இருக்கட்டும். இலையில் மஞ்சள் திட்டுத் திட்டாகத் தேமல் நோய் தெரிகிற மரம் வேண்டாம். அந்த நோய் கன்றுக்கும் வந்துவிடும்.

நுனியிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான கத்தியால் சுற்றிலும் கீறுங்கள். அதற்கு 2.5 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கீறல். இரண்டையும் இணைத்து நெடுக்காக ஒன்று போட்டால் பட்டை மோதிரம்போலக் கழன்று வரும். கூடவே பால் வடியும். அது தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் கொப்புளம் போடும், கையுறை கட்டாயம்.

இங்கேதான் பலருக்குத் தவறுகிறது. பட்டையை உரித்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். உரித்த இடத்தை விரலால் தடவினால் வழுவழுப்பாக இருக்கும். அந்த வழுவழுப்புதான் வளர்திசு. அதை விட்டுவைத்தால் புதுப் பட்டையை வளர்த்துக் காயத்தை மூடிவிடும், வேர் வராது. இலை தயாரிக்கிற உணவு பட்டை வழியாகத்தான் கீழே இறங்குகிறது. வழியை அடைத்தால் அது மேல் வெட்டு விளிம்பில் தேங்கும், வேரும் அங்கேதான் கிளம்பும். தண்ணீரோ உள்ளே இருக்கிற கட்டை வழியாக ஏறுவதால் கிளை வாடாது. ஆகவே கத்தியைக் குறுக்காகப் பிடித்து, வழுவழுப்புப் போய்ச் சொரசொரவென்று ஆகும்வரை சுரண்டுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: உரித்தால் போதாது, சுரண்ட வேண்டும். அத்திக்கு வேர்த்தூண்டி மருந்துகூடத் தேவையில்லை. இந்தச் சுரண்டல் தேவை.

அடுத்து, ஊறவைத்த ஸ்பாக்னம் பாசியையோ (ஈரம் பிடித்துவைக்கும் ஒருவகைப் பாசி) தேங்காய் நார்த்தூளையோ கைப்பிடியில் இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டுக்கு மேல் விழக்கூடாது. சொதசொதவென்று கட்டினால் வேருக்குப் பதில் அழுகல்தான் வரும். ஆரஞ்சுப் பழ அளவு உருண்டையாக, மேல் விளிம்பு நடுவில் வரும்படி பொத்தி, பாலிதீன் தாளால் சுற்றி இரு முனையையும் இறுக்கிக் கட்டுங்கள். மேல் கட்டு தளர்ந்தால் மழைநீர் இறங்கும். வெயிலில் உருண்டை வேகாதிருக்க, வெளியே அலுமினியத் தாள் சுற்றுங்கள்.

வெதுவெதுப்பான பருவத்தில் நான்கு முதல் ஆறு வாரம். அலுமினியத் தாளை மட்டும் பிரித்துப் பாருங்கள். பாலிதீனுக்குள் இரண்டு வெள்ளை வேர் தெரிந்ததும் வெட்டிவிடாதீர்கள். வேர்கள் கிளைவிட்டுப் பழுப்பேறட்டும்.

நேரம் முடியப்போகிறது, மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உருண்டைக்குக் கீழே வெட்டுங்கள். இரண்டு மூன்று இலை போதும், அவற்றையும் பாதியாக நறுக்குங்கள். காய் இருந்தால் கிள்ளிவிடுங்கள். பாசியை உதிர்க்காமல் அப்படியே தொட்டியில் நட்டு, இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். நடும்போது பாலிதீனை மட்டும் மறக்காமல் கழற்றிவிடுங்கள். வணக்கம்.