கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?
(லண்டனில் ஒரு தமிழ்க் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என்னைத் தகுதிக்கு மீறிப் புகழ்ந்த செயலாளர் அவர்களே, இத்தனை வேலைகளுக்கு நடுவிலும் வந்து அமர்ந்திருக்கும் மாநகரசபை உறுப்பினர் அம்மையார் அவர்களே, ஆலய அறங்காவலர் குழுப் பெரியவர்களே, தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, பின்னால் வடைக்கு எண்ணெய் காய வைத்துவிட்டு ஒரு காதை இங்கே வைத்திருக்கும் தாய்மார்களே, இளைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம். பொருளாளர் ஐயா கோபிக்க வேண்டாம். கணக்கு எப்போதும் கடைசியில்தானே வரும்.

சாரிட்டி கடைகளில், அதாவது மக்கள் இலவசமாகக் கொடுக்கும் பொருளை விற்று அறப்பணிக்குப் பணம் சேர்க்கும் கடைகளில், பழம்பொருள் தேடுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகள் சொல்கிறேன். எப்படித் தேடுவது, எதை வாங்கக் கூடாது, நாம் என்ன கொடுப்பது. மூன்றுக்கும் பொதுவாக ஒரு பழமொழி உண்டு: கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

இந்த நாட்டில் இப்போது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சாரிட்டி கடைகள் இருக்கின்றன. ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் தன் முதல் கடையை 1947-இல் ஆக்ஸ்ஃபர்ட் நகரத்து பிராட் தெருவில், 17-ஆம் எண் கட்டடத்தில் திறந்தது. 1949-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஜோ மிட்டி, மக்கள் எதைக் கொடுத்தாலும் விற்றுப் பார்ப்போம் என்று துணிந்தார். அந்தத் துணிச்சலில் வளர்ந்தவைதான் இன்று நம் கடைத்தெருவில் நிற்கும் கடைகள். வாசலில் யாரும் பொருளின் தரம் பார்த்து உள்ளே விடுவதில்லை. அதனால்தான் அங்கே கற்பூரமும் கிடக்கும், கரித்துண்டும் கிடக்கும்.

ஒரு கதை சொல்கிறேன், பத்திரிகைகளில் வந்த உண்மைக் கதை. 1980-களில் மேற்கு லண்டனில், வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை வளாகத்தில் ஒரு கார் பூட் சந்தை. காரின் டிக்கியைத் திறந்து வைத்து வீட்டுச் சாமான் விற்பார்களே, அதேதான். ஒருவர் அங்கே ஒரு மோதிரம் வாங்கினார். விலை பத்து பவுண்டு. கல் பெரிது, மோதிரமோ அழுக்கேறிக் கறுத்திருந்தது. இவ்வளவு பெரிய கல் நிஜமாக இருக்குமா? கண்ணாடிதான் என்று விற்றவரும் நினைத்தார், வாங்கியவரும் நினைத்தார். முப்பது வருடம் அதைக் கையில் போட்டுக்கொண்டே கடைக்குப் போனார்கள், வீட்டு வேலை செய்தார்கள். அம்மா, கொஞ்சம் எண்ணிப் பாருங்கள், முப்பது வருடம்! பிறகு ஒரு நகைக்காரர், இது விலையுள்ள கல்லாக இருக்கலாம் என்றார். சோதித்தால் 26 கேரட்டுக்கு மேல் எடையுள்ள வைரம். 2017 ஜூனில் சாதபீஸ் ஏலத்தில் 6,56,750 பவுண்டுக்குப் போனது.

(கைதட்டல். பொருளாளர் ஐயாதான் முதலில் தட்டினார்.)

ஏன் ஒருவருக்கும் தெரியவில்லை? அது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பட்டை. அந்தக் காலத்தில் கல்லின் எடை குறையாமல் பட்டை தீட்டப் பார்த்தார்கள். இன்றைய பட்டை போலப் பளீரென்று மின்னாது. மின்னாததால் வைரம் இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

ஆகவே முதல் கருவி, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லூப் என்ற சிறு பூதக்கண்ணாடி. சட்டைப் பைக்குள் அடங்கும். பட்டைகள் சேரும் விளிம்பைப் பாருங்கள். தேய்ந்து மழுங்கியிருந்தால் கண்ணாடி என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கூராக இருந்தால் நகைக்காரரிடம் காட்டுங்கள், நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அடுத்து கரண்டித் தட்டு. எல்லாக் கடையிலும் ஒரு மூலையில் இருக்கும். காம்பின் பின்புறத்தை லூப்பில் பாருங்கள். நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருந்தால் ஸ்டெர்லிங் வெள்ளி, ஆயிரத்தில் 925 பங்கு. பக்கத்தில் சிறுத்தைத் தலை இருந்தால் லண்டனில் முத்திரையிட்டது, நங்கூரம் என்றால் பர்மிங்காம். தனி எழுத்து ஒன்று இருக்கும், அது முத்திரையிட்ட ஆண்டைக் குறிக்கும். 'ஈபிஎன்எஸ்' என்றிருந்தால் வெறும் வெள்ளி முலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முலாம் கரண்டிக்காரர்களும் அந்த எழுத்துகளைத் தனித்தனிக் கட்டத்துக்குள் அடித்து, வெள்ளி முத்திரை போலவே தோன்ற வைத்தார்கள். கரண்டிக் குழியின் அடிப்புறம், மேசையில் உரசும் இடம், மஞ்சளாகவோ செம்பு நிறமாகவோ தெரிந்தால் முலாம் போய்விட்டது. தங்கத்தில் 375 என்றால் ஒன்பது கேரட், 916 என்றால் நம் 22 கேரட்.

பீங்கான் தட்டை விரல் நுனிகளில் ஏந்தி, ஓரத்தில் நகத்தால் சுண்டுங்கள். மணி போல ஒலித்தால் நல்லது, மொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல். கோப்பையின் விளிம்பைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் சுற்றி வாருங்கள், சில்லு பெயர்ந்திருப்பது கண்ணைவிட விரலுக்கு முன்னால் தெரியும். அடியில் 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. அந்த ஆண்டு முதல் அமெரிக்கா, தன் நாட்டுக்குள் வரும் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று எழுதியிருக்க வேண்டும் என்று சட்டம் போட்டதால் வந்த வழக்கம் அது.

துணியில், 'செயின்ட் மைக்கேல்' என்று லேபிள் இருந்தால் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடையின் பழைய சரக்கு. 2000-த்தோடு அந்தப் பெயரை நிறுத்திவிட்டார்கள். வெட்டிய பாலாடைக்கட்டி போல இரண்டு 'சி'யும் 41 என்ற எண்ணும் இருந்தால், இரண்டாம் உலகப் போரையொட்டிய பங்கீட்டுக் காலத்துத் துணி. அது கிடைத்தால் விடாதீர்கள். கம்பளி என்றால் அக்குள், கழுத்துப் பட்டையின் உட்புறம் எல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பூச்சி அரித்த ஊசித்துளை இருக்கும். வாங்கியதைப் பையில் காற்றுப்புகாமல் மூடி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வர ஒரு நாள் விடாவிட்டால் துணி ஈரம் கோத்துக்கொள்ளும். இந்த வேலையைச் செய்யாமல் அலமாரியில் வைத்தால், இரண்டு பவுண்டு ஸ்வெட்டர் உங்கள் இருநூறு பவுண்டு பட்டைத் தின்னும்.

இரண்டாவது, எதை வாங்கக் கூடாது. தீப்பாதுகாப்பு லேபிள் இல்லாத சோபா, சோதித்துப் பார்த்ததாக ஒட்டுச்சீட்டு இல்லாத மின்சாரச் சாமான். நேரமாகிறது என்று தலைவர் மணியைப் பார்க்கிறார். விரிவாக இன்னொரு நாள்.

நான் வந்ததே மூன்றாவதற்காகத்தான். புலவர்கள் சிலர் அந்தப் பழமொழியைப் பிரித்துச் சொல்வார்கள்: 'கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை.' கழு என்பது ஒருவகைக் கோரைப்புல்லாம், பாயாகத் தைக்கும்போதுதான் அதன் மணம் தெரியுமாம். சரியோ தவறோ, எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. கையில் எடுத்துப் பழகியவனுக்குத்தான் மணம் தெரியும்.

கடையின் பின்னறையில் பைகளைப் பிரித்து விலை ஒட்டும் தொண்டர்களுக்குப் பீங்கான் தெரியும், வெள்ளி தெரியும். காஞ்சிபுரம் தெரியாது. குறை அவர்களிடம் இல்லை, நாம் சொல்லவே இல்லை. பாட்டி காலமானதும் பிள்ளைகள் கறுப்புப் பையில் அள்ளிக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வருகிறார்கள். ஆறு கஜமும் திரைச்சீலைத் துணியோடு சேர்ந்துவிடுகிறது. சிவப்புப் பட்டு நூலில் வெள்ளி சுற்றித் தங்க முலாம் பூசிய சரிகை என்று அங்கே யார் கண்டார்கள்? ஈயச் சொம்பைக் கெட்டில் என்று நினைத்து ஒருவர் வாங்கி, வெறும் சொம்பாக அடுப்பில் வைத்தால் என்ன ஆகும்? வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். ரசம் வைக்கிறவர்கள் முதலில் திரவத்தை ஊற்றிவிட்டுத்தான் சூடு காட்டுவார்கள், அது அந்தத் தொண்டருக்கு எப்படித் தெரியும்? ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளி வைக்கக் கூடாது என்று யார் சொல்வது?

ஆகவே என் கோரிக்கை: கொடுக்கும் ஒவ்வொரு பொருளிலும் ஒரு சீட்டு. ஆங்கிலத்தில் ஐந்து வரி போதும். என்ன பொருள், எந்த ஊர், எதனால் செய்தது, ஏறக்குறைய எந்த ஆண்டு வாங்கியது, என்ன செய்யக் கூடாது. சேலையென்றால் நீளமும், ரவிக்கைத் துணி இணைந்திருக்கிறதா என்பதும். வருமான வரி கட்டுகிறவர்கள் கிஃப்ட் எய்ட் படிவத்திலும் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் பொருள் விற்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். கடை தரும் ஒட்டுச்சீட்டைப் பையில் ஒட்டாவிட்டால் அந்தப் பணம் வராது. மாநகரசபை அம்மையார் தம் பகுதிக் கடைகளில் இந்தச் சீட்டு மாதிரியைக் கொடுத்து வைக்க உதவினால் நன்றியுடையவனாவேன். தலையசைத்துவிட்டார்கள், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் புத்தகங்களை மட்டும் அங்கே கொடுக்காதீர்கள். படிக்கத் தெரிந்த கை அங்கே இல்லை என்றால் பழைய தாளாகத்தான் போகும். தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டுப் பள்ளிக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று. சீட்டைக் குண்டூசியால் குத்தாதீர்கள், துருப்பிடித்துப் பட்டில் கறை இறங்கும். முந்தானைக் குஞ்சத்தில் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். பாத்திரமென்றால் கைப்பிடியில். வெட்டிய அட்டையும் நூல்கண்டும் வாசல் மேசையில், வடைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறது. எண்ணெய்க் கையோடு எடுக்க வேண்டாம். வணக்கம்.