டெல்லி – டோக்கியோ: போகும் நேரம் வேறு, வரும் நேரம் வேறு

நேயர்களுக்கு வணக்கம்.

டெல்லியிலிருந்து டோக்கியோ போக ஏறக்குறைய ஏழரை மணி நேரம். அதே டோக்கியோவிலிருந்து திரும்பி வர ஒன்பது, ஒன்பதரை மணி நேரம். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

முதலில் தூரம். உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய வழியை அளந்தால், டெல்லி விமான நிலையத்துக்கும் டோக்கியோவின் ஹனேடாவுக்கும் இடையே சுமார் 5,860 கிலோமீட்டர். இணையத்தில் தேடினால் கிடைப்பது இந்த எண்தான். ஆனால் அந்தக் கோடு திபெத் பீடபூமியின் மேல் போகிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரெனக் குறைந்தால், விமானி உடனே சுமார் 10,000 அடிக்கு, அதாவது 3,000 மீட்டருக்கு இறங்கியாக வேண்டும். பயணிகளின் தலைக்கு மேலிருந்து விழும் முகமூடிகளில் பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குத்தான் ஆக்சிஜன் வரும். திபெத்திலோ தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரம். எங்கே இறங்குவது? அதனால் விமானங்கள் பொதுவாகத் தெற்கே வளைந்து போகின்றன. சீனாவின் குன்மிங் பக்கமாகச் சுற்றினால் தூரம் ஏறத்தாழ 6,300 கிலோமீட்டர். கூடுதலாக அரை மணி நேரம்.

போகும்போதும் வரும்போதும் தூரம் ஏறத்தாழ ஒன்றுதான்; வித்தியாசத்தைக் கொண்டுவருவது காற்று. 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே இது சில நாள்களில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தவர் ஜப்பானிய வானிலையாளர் வசாபுரோ ஓயிஷி. பாவம், உலகம் படிக்கட்டும் என்று அறிக்கையை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். வெளிநாட்டில் அதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு.

கணக்கைப் பாருங்கள். காற்றில் விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர். வழியெங்கும் சராசரியாக 100 கிலோமீட்டர் காற்று பின்னாலிருந்து தள்ளினால் தரைவேகம் 1,000. 6,300 கிலோமீட்டரை 6 மணி 18 நிமிடத்தில் கடக்கலாம். அதே காற்று எதிர்த்தால் 800. 7 மணி 52 நிமிடம் ஆகும். ஓடுபாதைக்குப் போவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் இன்னொரு முக்கால் மணி, ஒரு மணி நேரம் சேருங்கள். கோடையில் காற்றோட்டம் வலுக்குறைந்து வடக்கே நகர்வதால் வித்தியாசம் சுருங்கும்.

பலரும் தடுமாறுவது பயணச்சீட்டைப் படிக்கும்போது. அதில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். டோக்கியோ நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். டெல்லியில் இரவு 8 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 7 மணிக்கு இறங்கினால், 11 மணியிலிருந்து மூன்றரையைக் கழிக்க வேண்டும். பயணம் ஏழரை மணி. திரும்பும்போது கூட்ட வேண்டும். டோக்கியோவில் காலை 11, டெல்லியில் மாலை 5 என்றிருந்தால் ஆறு மணிப் பயணம் என்று எண்ணிவிடாதீர்கள்; ஒன்பதரை.

திரும்பி வந்து டெல்லியில் வேறு விமானம் மாறுபவர்கள், குறிப்பாக டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, இடைவெளியைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். எதிர்காற்று பலமானால் தாமதம் அங்கேதான் வரும். சீட்டில் இருக்கும் டோக்கியோ விமான நிலையம் நரிட்டாவா, ஹனேடாவா என்றும் பாருங்கள். ஹனேடா நகர மையத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர், நரிட்டா 60. காற்று மிச்சப்படுத்திக் கொடுத்த நேரம் ரயிலில் போய்விடும்.