41 சென்டிமீட்டருக்குள் ஓர் இருக்கை

வணக்கம், நேயர்களே. இரண்டு இருக்கைகளுக்கு ரெக்சின் உறை தைத்துத் தர ஒரு கடைக்காரர் என்னிடம் 360 பவுண்டு கேட்டிருக்கிறார். இருக்கைக்கு அல்ல, அதன் மேல் போர்த்தும் உறைக்கு மட்டும். நான் கட்டிக்கொண்டிருப்பது லோகாஸ்ட் வகைக் கார், அதாவது குறைந்த செலவில் வீட்டிலேயே கட்டும் கார் என்பதையும், அதன் கதை எங்கே தொடங்கியது என்பதையும் பழைய நேயர்கள் அறிவீர்கள். 1957இல் காலின் சாப்மன் வெளியிட்ட லோட்டஸ் செவன் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் சாயலில், 250 பவுண்டுக்கே ஒருவர் தம் வீட்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டிவிடலாம் என்று ரான் சாம்பியன் 1996இல் ஒரு நூல் எழுதினார். அது அன்றைய பணம், கழித்துக் கட்டிய ஃபோர்டு எஸ்கார்ட்டின் உறுப்புகளை நம்பிப் போட்ட கணக்கு என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு முழுக் காருக்குச் சொன்ன தொகையைவிட அதன் இருக்கை உறைக்கு 110 பவுண்டு கூடுதலாகக் கேட்டால் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

கோபம் ஒருபுறம் இருக்கட்டும். இன்று மகிழ்ச்சியான செய்தியும் உண்டு. இதோ, என் பின்னால் மேசைமேல் சாய்த்து வைத்திருக்கிறேன், பாருங்கள்: இரண்டு ஃபைபர் கிளாஸ் பக்கெட் சீட் ஷெல்கள், நுரையும் இல்லை, உறையும் இல்லை, வெறும் கூடு மட்டும். லிங்கன்ஷயரில் ஒருவர் தம் புல்தரைப் பந்தயக் காரைப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் சேர்த்து 60 பவுண்டு என்றார். நான் 40 என்றேன். அவர் 55 என்றார், நான் பேசாமல் ஷெல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றின் முதுகுப் பக்கத்தில் மேற்பூச்சு மட்டும் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. அதைச் சுட்டிக் காட்டியதும் 50க்கு வந்தார். அதற்குமேல் அவர் இறங்கவே மாட்டார் என்று தோன்றிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைக்குள் இடமில்லாமல் அவரே 45க்குக் கொடுத்துவிட்டார். பேரத்தில் என் திறமையைவிட இங்கிலாந்தின் வானிலைக்குப் பங்கு அதிகம்தான். என்றாலும் 45 பவுண்டு என்பது 45 பவுண்டுதான். போய்வந்த பெட்ரோலையும் சேர்க்க வேண்டும் என்று என் துணைவியார் சொல்கிறார். அதே பயணத்தில் ஒரு கைப்பிரேக் நெம்புகோலும் வாங்கி வந்ததால், பெட்ரோலை அந்தக் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

இதைக் கேட்டதும் நீங்கள் விலையைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள். ஆனால் இந்த வகைக் காரில் இருக்கை தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, அகலத்தை. நூலில் உள்ள சேசிஸின், அதாவது காரின் அடிச்சட்டகத்தின், வெளி அகலம் 42 அங்குலம், அதாவது ஏறத்தாழ 107 சென்டிமீட்டர். இருபுறமும் 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய்களைக் கழித்து, நடுவில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், அதாவது பின்சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் தண்டு, ஓடும் டனலையும் கழித்தால், என் காரில் ஒரு பக்கத்துக்கு 41 சென்டிமீட்டர் மிஞ்சுகிறது. சாதாரணக் கார் இருக்கை எதுவும் அதற்குள் இறங்காது. மஸ்தா எம்எக்ஸ்-5 காரிலிருந்து எடுத்த இருக்கைகளை நான் எவ்வளவு ஆசையோடு உள்ளே வைத்துப் பார்த்தேன் என்பதை முந்தைய காணொளியில் கண்டீர்கள். அந்த இருக்கைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. உட்கார்ந்தால் இடுப்பு தானாகவே சரியான இடத்தில் போய்ப் பொருந்தும். எம்எக்ஸ்-5 ஓட்டும் உயரமானவர்கள் உட்காரும் பகுதியின் நுரையை வெட்டியெடுத்துத் தாழ்த்திக்கொள்வது வழக்கம், அது உயரத்துக்குத் தீர்வு. அகலத்துக்கு உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்தையே வெட்ட வேண்டும், அதை நான் செய்ய மாட்டேன். மேலும் அவை ஒவ்வொன்றும் 13 கிலோவுக்கு மேல் எடை. இந்த ஷெல் ஐந்து கிலோகூட இல்லை.

அந்த மஸ்தா இருக்கைகளை என்ன செய்தேன் என்பதைச் சொல்லாமல் போகிறேனே! அவற்றை ஜோடியாக 80 பவுண்டுக்கு விற்றுவிட்டேன். ஆகவே ஷெல்லுக்குக் கொடுத்த 45ஐக் கழித்தால், இருக்கைக் கணக்கில் 35 பவுண்டு லாபத்தில் இருந்தேன். இதை நம் வீட்டில் யாரும் பெரிதாகப் பாராட்டவில்லை என்பதால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

காலாவதியான பந்தய இருக்கைகளை வாங்கலாமே என்று கேட்டவர்களுக்கு ஒரு விளக்கம். உலகக் கார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எஃப்ஐஏ அமைப்பின் 8855-1999 தரச்சீட்டு ஒட்டிய இருக்கை, பொதுவாகத் தயாரித்ததிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குத்தான் அந்தத் தரம் கேட்கும் போட்டிகளில் செல்லும். அதன்பின் பந்தயக்காரருக்கு அது வேண்டாத பொருள், ஆகவே நல்ல நிறுவனங்களின் இருக்கைகள்கூட அடிமாட்டு விலைக்கு வருவதுண்டு. சாலையில் மட்டும் ஓடும் காருக்கு அந்தச் சீட்டு தேவையில்லை. வாங்குபவர் பக்கவாட்டில் போல்ட் ஏறும் இடங்களில் வெடிப்போ வெள்ளைக் கோடுகளோ இருக்கின்றனவா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும். விபத்தில் சிக்கிய இருக்கை என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் தொடக்கூடாது. யோசனையில் குறையில்லை, என் காருக்குத்தான் ஒத்துவரவில்லை: நான் பார்த்தவை அனைத்தும் தோள்பக்கம் சிறகு விரித்து நின்றன, 41 சென்டிமீட்டரில் அடங்கவில்லை. இந்தக் குறுகிய கார்களுக்கென்றே செய்யப்படும் டில்லெட் இருக்கைகள் அழகானவை. அவற்றின் விலையைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சோடு அந்தப் பக்கத்தை மூடினேன். அலுமினியத் தகட்டை வளைத்து நானே செய்யும் திட்டமும் இருந்தது. பெட்டி போன்ற வடிவம் எளிதில் வரும், முதுகுக்கு ஏற்ற வளைவு வராது. அந்த வேலைக்கு உருளை அச்சும் பொறுமையும் வேண்டும், என்னிடம் இரண்டும் இல்லை.

இனி சிக்கலுக்கு வருகிறேன். நான் வாங்கிய ஷெல்லும் 41 சென்டிமீட்டர் இல்லை. அதன் விளிம்போடு சேர்த்து 44. ஆனால் கூட்டின் உடல் குறுகலானது, வெளிப்புறம் மடிந்து நிற்கும் உதடுதான் இருபுறமும் 17 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. இதை லிங்கன்ஷயரிலேயே அளந்து பார்த்துத்தான் வாங்கினேன். உதட்டை வெட்டினால் 40.6 சென்டிமீட்டர் வரும், உள்ளே இறங்கிவிடும். எனினும் அந்த உதடு அழகுக்காக வைத்தது அன்று, ஷெல்லின் விறைப்பே அதில்தான் இருக்கிறது. அதை நீக்கிவிட்டு அப்படியே விட்டால், உட்காரும்போது பக்கங்கள் விரிந்து கொடுக்கும். அதனால் வெட்டுவதற்கு முன்பே, விளிம்பை ஒட்டிய ஐந்து சென்டிமீட்டர் பட்டையில் வெளிப்புறமாக, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள ஃபைபர் பாய் இரண்டு அடுக்கு ஒட்டினேன். பழைய பரப்பை 80ஆம் எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, அசிட்டோன் துடைத்து, பாலியெஸ்டர் ரெசினில் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரை இரண்டு விழுக்காடு கலந்து தூரிகையால் குத்திக் குத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். கராஜ் குளிர்ந்திருந்தால் ரெசின் பிசுபிசுப்பாகவே நிற்கும் என்பதால், ஒரு ஹீட்டரை முன்கூட்டியே போட்டு அறையைச் சூடாக்கினேன். ரெசினைத் திறப்பதற்கு முன் அதை அணைத்து வெளியே வைத்துவிட்டேன், ஏனெனில் அந்த ஆவி தீப்பற்றக்கூடியது. எங்கள் துணி துவைக்கும் இயந்திரமும் அதே கராஜில் இருக்கிறது. துவைத்த துணிகளில் ரெசின் வாடை ஏறியது தொடர்பாக வீட்டில் நடந்த உரையாடலை நான் பதிவு செய்யவில்லை.

வெட்டும் வேலையை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள், முகக்கவசம் நல்லதாக அணியுங்கள். ஃபைபர் தூள் தோலில் பட்டாலே அரிக்கும், நுரையீரலுக்குள் போகவே கூடாது. வெட்டிய ஓரத்தில் இரும்பு நரம்பு வைத்த ரப்பர் விளிம்புப் பட்டையை ஏற்றியிருக்கிறேன், இதோ தெரிகிறது. சாலைக்கு வருவதற்கு முன் இந்தக் கார் ஐவிஏ எனப்படும் தனிவாகன ஒப்புதல் சோதனையைத் தாண்டியாக வேண்டும். அங்கே கையோ காலோ படும் இடத்தில் கூரான விளிம்பைக் கண்டால் சோதனையாளர் நம்மை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்.

பொருத்துவதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு: முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாளம் எனக்கு வேண்டாம். அது இருக்கையை நான்கு சென்டிமீட்டர் உயர்த்துகிறது, ஆடுகிறது, கிறீச்சிடுகிறது, அதற்கு விலையும் கேட்கிறார்கள். இந்தக் காரை நான் மட்டுமே ஓட்டப்போகிறேன், துணைவியார் ஓட்ட மறுத்துவிட்டார். ஆகவே நான்கு எம்8 போல்ட்கள், 8.8 தரம், ஷெல்லின் உட்புறத்தில் அகன்ற வாஷர்கள். தரைத்தகட்டில் மட்டும் துளையிட்டு மாட்டக்கூடாது, மோதலில் தகடு கிழிந்துவிடும். குறுக்குச் சதுரக் குழாய்களைத் துளைத்து, போல்ட் இறுக்கும்போது குழாய் நசுங்காமல் இருக்க உள்ளே சிறு உருளைக் குழாய்களை வெல்டிங் செய்து, அவற்றின் வழியே போல்ட்களைச் செலுத்தியிருக்கிறேன்.

உயரத்தைக் குறைப்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. திறந்த கார்களை ட்ராக்கில் அனுமதிக்கும் முன், துடைப்பக் கம்பு ஒன்றை, கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவான ரோல் பாரின் உச்சியிலிருந்து காரின் முன்புறத்துக்குச் சாய்த்துப் பிடித்து, ஹெல்மெட் அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எனக்கு ஹெல்மெட்டோடு சேர்த்து நல்ல இடைவெளி கிடைக்கிறது. ஆனால் நுரையின் கனத்தைத் தீர்மானித்தது அந்தக் கம்பு அல்ல, சீட் பெல்ட். ஐவிஏ சோதனையில், பெல்ட்டின் தோள் பட்டை மாட்டும் இடம் இருக்கைப் பரப்பிலிருந்து 450 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. வெறும் ஷெல்லிலிருந்து அளந்தால் என்னுடையது 471. முதலில் நான் நினைத்திருந்த 25 மில்லிமீட்டர் நுரையைப் போட்டால் 446 ஆகிவிடும். நான்கே மில்லிமீட்டர்தான், ஆனாலும் அளவுகோல் நம்மிடம் இரக்கம் காட்டாது! ஆகவே 15 மில்லிமீட்டர். அதுவும் சோபாவுக்குப் போடும் மென்மையான ஸ்பாஞ்ச் இல்லை. அது உட்கார்ந்தவுடன் அமுங்கிக் காணாமல் போய்விடும், கூரையில்லாத காரில் மழைநீரையும் குடித்துக்கொண்டு கிடக்கும். நீர் உறிஞ்சாத, அடர்த்தியான மூடிய கண்ணறை நுரையை வாங்கியிருக்கிறேன். அடியில் நீர் வடிய இரண்டு துளைகள் உண்டு. பக்கத்து இருக்கைக்கும் அதே 15தான் என்று சொன்னபோது, நீண்ட பயணங்களுக்கு ரயிலில் வருவதாகத் துணைவியார் அறிவித்தார்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த இருக்கைகளுக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. ஷெல் 45 பவுண்டு. ரெசினும் பாயும் 31, விளிம்புப் பட்டை 14, போல்ட், வாஷர், குழாய் 12, நுரை 26. ஆக 128. மஸ்தா இருக்கைகள் விற்ற 80ஐக் கழித்தால் என் கையிலிருந்து போனது 48 பவுண்டு. ஓ, அந்த மஸ்தா இருக்கைகளின் தலையணைகளுக்குள் இருந்த ஒலிபெருக்கிகளைக் கழற்றித் தனியே 10 பவுண்டுக்கு விற்றதை விட்டுவிட்டேன், ஆக 38. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு உறைக்கு 360 கொடுக்க எந்த மனமும் ஒப்பாது.

அதனால் உறையை நானே தைக்கப்போகிறேன். படகு இருக்கைகளுக்குப் போடும், வெயிலைத் தாங்கும் ரெக்சின் மூன்று மீட்டர் 33 பவுண்டுக்குக் கிடைத்தது. பருத்தி நூல் ஈரத்தில் மக்கிவிடும் என்பதால் பிணைப்பு நைலான் நூலும், வீட்டுத் தையல் இயந்திரத்துக்கு 110ஆம் எண் ஊசியும் வந்துவிட்டன. நேர்க்கோட்டு மடிப்புகள், முழுக் கறுப்பு. கார்பன் போல அச்சிட்ட ரெக்சினை நான் கையால்கூடத் தொட மாட்டேன். சிவப்பு நூலில் தைத்தால் எடுப்பாக இருக்கும் என்று எழுத ஆயத்தமாகும் அன்பர்களுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: கறுப்பு நூல்தான், வாங்கியும் ஆகிவிட்டது.