மூச்சை விட முடியாதவர்கள்

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பல வருடம் பீடி குடித்து, நெஞ்சு பீப்பாய் போல் உப்பி வரும் பெரியவர்கள் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "டாக்டர், மூச்சை இழுக்க முடியலை." அவர்களுடைய சிக்கல் தொடங்குவது இழுப்பதில் இல்லை, விடுவதில்.

ஒரு சின்ன சோதனை. இதய நோய், இளைப்பு உள்ளவர்கள் செய்ய வேண்டாம். மூச்சை நிறைய இழுங்கள். கால்வாசி மட்டும் விடுங்கள். மீதியை உள்ளே வைத்துக்கொண்டே மறுபடி இழுங்கள், மறுபடி கால்வாசி விடுங்கள். நாலு தடவை... போதும், விட்டுவிடுங்கள். அதற்குள் திணறிவிட்டீர்கள். எம்ஃபிசீமா, அதாவது நுரையீரலின் காற்றறைச் சுவர்கள் இடிந்துபோகும் நோய், முற்றியவர் மாடிப்படி ஏறினால் இதுதான் அவருடைய மூச்சு.

நம் நுரையீரலில் 30 கோடிக்கும் மேல் காற்றறைகள். விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். புகையை எதிர்க்க ஓடிவரும் வெள்ளணுக்கள் விடுகிற எலாஸ்டேஸ் என்ற நொதி, அந்த அறைச் சுவர்களின் மீள்நார்களையே அரிக்கிறது. அதைத் தடுக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற புரதம் பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு இந்த நோய் வருவதை 1963இல் ஸ்வீடனில் லாரெல், எரிக்சன் இருவரும் கண்டார்கள். சுவர் இடிந்தால் பல அறைகள் ஒன்றாகிவிடும். சுவரில் ஓடிய ரத்தத் தந்துகிகளும் போய், ஆக்சிஜன் ஏறும் பரப்பு சுருங்கும்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. கடைசிச் சின்ன மூச்சுக்குழல்களுக்குக் குருத்தெலும்பு கிடையாது. சுற்றியுள்ள காற்றறைச் சுவர்கள்தான் பந்தல் கயிறு போல நாலாபக்கமும் இழுத்து அவற்றைத் திறந்து வைத்திருக்கின்றன. கயிறு அறுந்ததும், மூச்சு விடும்போது குழல் அமுங்கிக்கொள்கிறது. காற்று உள்ளே சிக்குகிறது. சிக்கிய காற்று, நெஞ்சுக்கு அடியில் குடை போல இருந்து மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானத்தைக் கீழே தள்ளித் தட்டையாக்கிவிடுகிறது. தட்டையான தசை எப்படி இழுக்கும்? அந்தப் பெரியவர் சொன்னதும் உண்மைதான்!

இடிந்த சுவர் திரும்ப முளைக்காது. பீடியை நிறுத்தினால் இடிவது மெதுவாகும். எந்த வயதிலும் நிறுத்துங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். விறகடுப்புப் புகையும் இதே வேலையைத்தான் செய்கிறது, தாய்மார்களே.

மூச்சு முட்டும்போது ஊதாங்குழலில் ஊதுவது போல உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல இரண்டு மடங்கு நேரம் மெல்ல விடுங்கள். உதட்டில் உண்டாகும் தடை உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, அமுங்கப்போகும் குழல்களைத் திறந்து வைக்கும். யாரும் சொல்லித்தராமலே சில பாட்டிமார்கள் இப்படி மூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன்.